சாமந்தியா, செவ்வந்தியா?

நெமிலிப் பக்கம் பூக்காரம்மாவிடம் ‘செவ்வந்தி ஒரு முழம்’ என்றாலும் கொடுப்பார். ஆனால் அவர் வாயில் வருவது சாமந்திதான். ஆந்திர எல்லை தொலைவில்லை, தெலுங்கிலும் அது சாமந்தியே.

செவ்வந்தியைச் செவ் + அந்தி என்று பிரித்து, சிவந்த மாலைப்பொழுதோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அழகான பிரிப்புதான். ஆனால் கடையில் குவிந்து கிடப்பதோ மஞ்சள் பூ! கன்னடத்தில் சேவந்திகே, வடமொழியில் சேவந்தீ என்று உறவுக்காரச் சொற்கள் வரிசைகட்டி நிற்கும்போது அந்தியை நம்புவது கடினம். அந்த வடமொழிச் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள் ஒருவகை வெள்ளை ரோஜா.

பூவின் பெயர் கோயிலுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். எல்லப்ப நாவலர் பாடிய அத்தலபுராணம் செவ்வந்திப் புராணம்.

1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பூவுக்குச் சூட்டிய கிரிசாந்திமம் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் பொன்மலர் என்று பொருள். செடியின் பூர்வீகம் சீனா.

தாய்ச்செடியின் பக்கக்கன்றுகளைப் பிரித்து ஆனி, ஆடியில் நடுவார்கள். நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வெடித்துச் செடி புதராகும். பகல் குறுகி இரவு நீண்டால்தான் மொட்டு வரும். தெருவிளக்கடியில் வைத்த தொட்டி பூக்காமல் அடம்பிடிப்பது அதனால்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் மஞ்சள், கோ 2 ரகம் ஊதா.

பெயர் மட்டும் ஊர் சுற்றுகிறது. மெக்சிகோவிலிருந்து வந்த கேந்திக்குத் துலுக்கச் செவ்வந்தி என்று பெயர்; நாட்டு மருந்துக்கடைச் சீமைச்சாமந்தி வேறு செடி.