பழி யார் பெயரில்? - துறுதுறு பிள்ளைகளின் வரலாறு

ராஜபாளையத்திற்கு மேற்கே, மலை அடிவாரத்தில் அய்யனார் கோவில். லீவு நாளில் அங்கே ஆற்றில் குதித்து ஆடும் பிள்ளைகளில் யாருக்கு ஏ.டி.எச்.டி (கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா? முடியாது. திங்கட்கிழமை பெஞ்சில் உட்கார வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். பென்சில் தொலையும். பாதிக் கணக்கில் எழுந்து ஓடுவான். சாயங்காலம் புகார் வரும். மில்லில் ஷிப்ட் முடித்து வரும் அம்மாவிடம் ஊரே கேட்கும், "பிள்ளை வளர்த்த லட்சணம் இதுதானா?"

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது நண்பர்களே! கணக்குப் பதிவியலில் எந்தப் பற்றையும் ஏதாவது ஒரு கணக்கின் பெயரில்தான் எழுத வேண்டும். இந்தப் பிள்ளைகளின் பழியும் அப்படித்தான், காலத்துக்கு ஒரு பெயரில் எழுதப்பட்டு வந்திருக்கிறது.

முதலில் எழுதப்பட்டது பிள்ளையின் பெயரில். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அடங்காத பையனுக்குப் பிரம்படியோடு, கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனையும் இருந்தது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798லேயே கவனம் ஓரிடத்தில் நிற்காத நிலையை நோயாகப் பார்த்து எழுதினார். 1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தியில் குறையில்லாத பிள்ளைகளுக்கும் இது வருகிறது என்று உரையாற்றினார். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம், 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை'. நோய் என்றார்கள், ஆனாலும் குற்றவாளிக் கூண்டில் நின்றது பிள்ளைதான்.

பிறகு பழி சமையலறைக்கு வந்தது. 1970களில் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட், உணவில் சேர்க்கும் செயற்கை நிறங்களும் சுவையூட்டிகளும்தான் காரணம் என்றார். சில பிள்ளைகளிடம் நிறங்களால் கொஞ்சம் பாதிப்பு உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அவையே மூலகாரணம் என்று நிரூபணமாகவில்லை. சர்க்கரையும் தப்பவில்லை. 1995ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நிரபராதி! அதை வாங்கிக் கொடுத்த அம்மாவும்தான்.

இதற்கிடையில் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980ல் 'கவனக் குறைபாடு' என்றார்கள். 1987ல்தான் இன்றைய பெயர் வந்தது. 2007ல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வில், இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 வருடம் தாமதமாக முதிர்வது தெரிந்தது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை, பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வித்தியாசத்தில் சுமார் 74 சதவீதத்துக்கு மரபணுவே காரணம் என்றது. கெட்ட பிள்ளையும் இல்லை, கெட்ட வளர்ப்பும் இல்லை.

அப்படியானால் பெற்றோருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 6 வயதுக்குக் கீழே முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது, வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிப்பது, செய்து முடித்த உடனே பாராட்டுவது. இவை தப்பு செய்தவருக்கான தண்டனை அல்ல. சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் அம்மா இன்சுலின் போடக் கற்றுக்கொள்வது போலத்தான். பொறுப்பு வேறு, பழி வேறு.

நம் சட்டங்கள் இன்னும் பாதி வழியில் நிற்கின்றன. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது. 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் கண்டறிய வேண்டிய குறைபாடுகளில் ஏ.டி.எச்.டியையும் சேர்த்தது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண்டுபிடிக்கும், சலுகை கேட்டுப் போனால் பட்டியலில் இருக்காது.

அய்யனாருக்கு நேர்ந்துகொள்கிற அம்மா தாராளமாக நேர்ந்துகொள்ளட்டும். அரசு மருத்துவமனைக்கும் ஒரு நடை போய்க் கேட்கட்டும். மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது, "வளர்த்த லட்சணம்" என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள். இருநூறு வருடக் கணக்கில் தப்பான பெயரில் எழுதிய பதிவு அது.