துரைமார் படையும் ஊரார் படையும்

ஹாலிஎலயிலிருந்து தியத்தலாவைக்கு மலை ரயிலில் போகிறவர்களுக்கு அங்குள்ள இராணுவ முகாம் பழகிய காட்சி. 1900-ல் தென்னாப்பிரிக்கப் போர்க் கைதிகளான போயர்களை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அதே ஆண்டில்தான் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை பிறந்தது. அதற்கு மூத்தது 1881 ஏப்ரல் 1-இல் தொடங்கிய இலங்கை இலகு காலாட்படை.

இரண்டும் தொண்டர் படைகள்தாம். அவரவர் தொழிலைப் பார்த்துக்கொண்டே பயிற்சிக்கு வந்தார்கள். ஆனால் காலாட்படையில் சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாய்க்காரர் என்று ஊரார் பலரும் இருந்தார்கள். ரைபிள் படையிலோ ஐரோப்பியத் தோட்டக்காரர் மட்டுமே. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளரை அதட்டிய துரை, முகாமில் சாதாரணச் சிப்பாயாக வரிசையில் நின்றார்.

துரைமாருடைய துணிவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் 200-க்கு மேற்பட்டோர் கப்பலேறி எகிப்து போய், சூயஸ் கால்வாய்க் காவலில் நின்றார்கள். மறு ஆண்டு கலிப்போலியில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களைக் கொண்ட அன்சாக் படைகளின் தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவல் செய்தார்கள். பலர் திரும்பவில்லை.

அதே 1915-இல் இலங்கையில் சிங்களவர்–முஸ்லிம் கலவரம் வெடித்து இராணுவச் சட்டம் வந்தபோது, ஊரில் இருந்த துரைமாரும் துப்பாக்கியோடு அடக்கப் போனார்கள். அந்த அடக்குமுறையின் கொடுமைகளைச் சட்டசபையில் எழுப்பிய பொன்னம்பலம் இராமநாதன் 1916-இல் நூலாகவும் எழுதினார். காலாட்படைக்கும் ரைபிள் படைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் என்பது என் கருத்து. ஆளுகிற ஒரு வகுப்பார் மட்டுமே சேரும் படைக்கு, கூலி கேட்டு நிற்கிறவனும் எதிரியாகத் தெரியக்கூடும். 1940-இல் பதுளைப் பக்கம் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தபோது, ஊவாத் துரைமாருக்கு எவ்வளவு கலக்கம் வந்திருக்கும்!

1949-இல் சுதந்திர இலங்கையின் இராணுவம் அமைந்தது. ரைபிள் படை கலைக்கப்பட்டது; காலாட்படை நிரந்தரப் படையாகி, இன்றும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் தோட்ட லயங்களில் வாழ்ந்த லட்சக்கணக்கான தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. துரைமார் படை போனது. ஆனால் ஊரார் படை நின்ற நாட்டில் நம்மவர்களை ஊரார் என்று ஒப்புக்கொள்ளச் சட்டத்துக்கு மனம் வரவில்லை.