ஏர்ல் ஏராளன் அல்லன்

பிரிட்டனின் பரம்பரைப் பிரபுப் பட்டங்களுள் மிகப் பழையது ‘ஏர்ல்’. இந்த ஒலியைக் கேட்டதும் ‘ஏராளன்’ என்று முடிச்சுப் போடும் ஆசை தமிழ் ஆர்வலருக்கு எழுவது இயல்பு. ‘ஏல்டர்மன்’ என்ற பழஞ்சொல் தேய்ந்து ‘ஏர்ல்’ ஆயிற்று என்ற எண்ணம் ஆங்கிலேயரிடமும் நெடுநாள் இருந்தது. இரண்டுமே ஒலி மயக்கம்.

கென்ட் நாட்டு மன்னன் ஏதல்பெர்ட்டின் சட்டம் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. அதில் ‘எயோர்ல்’ உயர்குடிப் பிறந்தவன்; ‘சியோர்ல்’ சாதாரணக் குடியானவன். ஏர் பிடித்து உழுதவன் சியோர்ல்தான். ஏர்லை ஏராளன் ஆக்குவது, சட்டமே எதிரெதிராக நிறுத்திய இருவரை ஒருவராக்குவது. பிற்காலத்தில் அந்தச் சியோர்ல் ‘சர்ல்’ ஆகி, பண்பற்றவன் என்று பொருள் தாழ்ந்தது தனிக்கதை. பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் எயோர்ல் என்றால் மறவன்.

ஏல்டர்மன் வேறு வேரினது. மூப்பைக் குறிக்கும் சொல்லில் பிறந்து, மன்னனுக்காக ஒரு வட்டாரத்தை ஆண்டவனின் பதவிப்பெயர் ஆனது. எயோர்லுக்கோ பதவி இல்லை, பிறப்பு மட்டுமே. டேனிய மன்னன் கனூட் 1017இல் இங்கிலாந்தை நான்காகப் பிரித்தபின் நிலை மாறியது. அவன் நாட்டு ‘யார்ல்’ ஆட்சியாளன். அந்தப் பொருள் எயோர்லின் மேல் ஏறியது. ஏல்டர்மன் நகராட்சிக்கு இறங்கி, ‘ஆல்டர்மன்’ ஆகிக் கப்பலேறி, 1688இல் சென்னை மாநகராட்சியில் பன்னிருவராக அமர்ந்தது. ஒன்று மற்றொன்றின் தேய்வு என்றால் இரண்டும் இப்படி ஒரே காலத்தில் அருகருகே வாழ்ந்திருக்குமா?

1066இல் வந்த நார்மானியர் ‘கவுன்ட்’ என்ற தங்கள் சொல்லைக் கொண்டுவந்தும் ஏர்ல் அசையவில்லை. ஆனால் மனைவி மட்டும் ‘கவுன்டஸ்’ ஆனாள். ஏர்லுக்குப் பெண்பால் வடிவமே இல்லை. 1337இல் டியூக், 1385இல் மார்க்விஸ் என்று புதுப்பட்டங்கள் தலைக்குமேல் ஏற, முதலிடத்திலிருந்த ஏர்ல் மூன்றாமிடத்துக்கு வந்தது.

பதவி குடும்பச் சொத்தான விதத்துக்கு வேல்ஸின் போவிஸ் பட்டம் நல்ல சான்று. ஹெர்பர்ட் குடும்பத்துப் போவிஸ் ஏர்ல் 1801இல் வாரிசின்றி இறந்ததும் பட்டம் அற்றுப்போனது. 1804இல் அது அவருடைய தங்கையின் கணவர் எட்வர்ட் கிளைவுக்காகப் புதிதாகப் படைக்கப்பட்டது. கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட 1799இல் சென்னை ஆளுநராக இருந்தவர் இவரே. ராபர்ட் கிளைவின் மகன். 1807இல் இவருடைய மகன் கிளைவ் என்ற பெயரைத் துறந்து, தாய்வழிப் பெயரான ஹெர்பர்ட்டைச் சூடிக்கொண்டார். இந்தியாவில் அத்தனை பெரும்பொருள் ஈட்டிய பாட்டனின் பெயரையே ஒரு பட்டத்தின் பழைய குடிப்பெயர் தள்ளிவிட்டது.

ஏர்ல் என்ற சொல்லின் வேரைத் தேடுவோர் ஸ்வீடனையும் காட்டுவர். வார்ம்லாந்து மாவட்டத்தில் யார்ஸ்பெர்க் என்னுமிடத்துக் கல்லில், ரூன் எழுத்தில், தன்னை ‘எரிலாஸ்’ என்று அழைத்துக்கொள்கிறான் அதைப் பொறித்தவன். கல் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எரிலாஸின் உயிரொலி எயோர்லுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பர் சிலர். ஆனால் ஒரே வேர் இருவேறு உயிரொலிகளோடு வருவது ஜெர்மானிய மொழிகளுக்குப் புதிதன்று. எரிலாஸ் ஏர்லின் முன்னோனாகவோ உறவாகவோ இருக்கலாம்; உறுதியாகச் சொல்ல முடியாது.