பழசு என்னும் தீர்ப்பு

லினக்ஸின் வரலாற்றை முன்னேற்றக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது 386 சில்லுக்காக. 2013இல் வந்த 3.8 கெர்னல் அந்த 386ஐயே வெளியே தள்ளியது. அதற்கென்று தனி நிரல் வைத்துப் பராமரிப்பது தொல்லையாம். சில்லு தேய்ந்துபோகவில்லை, கவனிக்க. பழசு என்ற தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்படுகிறது.

இதற்கெதிரான பிரதியாக நான் வாசிப்பது ‘டேம் ஸ்மால் லினக்ஸை’. பழைய 2.4 கெர்னலை விடாமல் பிடித்துக்கொண்டு, 50 எம்பிக்குள் எல்லாவற்றையும் அடக்கி, 16 எம்பி நினைவகமுள்ள 486இலும் ஓடியது. 2008இல் வந்த 4.4.10தான் அதன் கடைசி நிலையான பதிப்பு. 2024இல் அதே பெயர் திரும்பியபோது வரம்பு 700 எம்பி! எதை வெட்டினாலும் உலாவியை வெட்ட முடியலை.

என் 64 எம்பி பென்டியத்தில் பழைய பதிப்பு இப்பவும் எழுந்துவிடுகிறது. டில்லோ உலாவியும் திறக்குது. பக்கந்தான் வரமாட்டேங்குது.