கத்தி ஓய்ந்த பின்னர்

பெரியதொரு ரண சிகிச்சை முடிந்து, நம் அன்புக்குரியவரைச் சக்கரக் கட்டிலில் வெளியே கொண்டு வருகிறார்கள். வாயிலில் காத்திருக்கும் நாம் முதலில் கேட்பது, “உயிருக்கு ஒன்றுமில்லையே?” என்பதுதான். நல்ல விடை கிடைத்ததும் ஊருக்குச் செய்தி சொல்லிவிட்டு ஒரு வாய்க் காப்பி அருந்துகிறோம். இரண்டாவது கேள்வி நள்ளிரவில் எழுகிறது. மயக்கம் தெளிகிறது, முனகல் தொடங்குகிறது. அந்த முனகலுக்கு என்ன செய்வது? மருத்துவ உலகம் இதற்கு விடை தேடிய வரலாற்றில் ஒரு பகுதி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

1845ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். வங்காளத்தில் ஹூக்ளி என்னும் ஊரில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காத்லாந்து மருத்துவர் பணியாற்றி வந்தார். விரைவீக்கம் கண்டிருந்த கைதி ஒருவனுக்கு அவர் ஒரு பக்கத்து நீரை வடித்து, வழக்கப்படி காரமான மருந்தைச் செலுத்தினார். அவன் வேதனையால் துடித்தான். அதைக் காணப் பொறாத எஸ்டெய்ல், தாம் நூல்களில் படித்திருந்ததேயன்றி நேரில் பார்த்தறியாத மெஸ்மரிசத்தை அவன்மேல் முயன்று பார்த்தார். நெடுநேரம் கைகளால் அவன் உடலை வருடுவதுபோல் வீசிக்கொண்டிருக்க, அவன் உறங்கிப்போனான். கத்தி வைக்கும்போது எழும் வலிக்கன்று, சிகிச்சை செய்த பிறகு எழுந்த வலிக்கே அந்த முதல் முயற்சி நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பின்னர் இதே முறையில் நோயாளிகளை உறங்கவைத்து, யானைக்கால் நோயால் உண்டான பெருங்கட்டிகளையும் அறுத்தெடுத்தார். இருண்ட அறையில் நோயாளியின் பக்கத்தில் மணிக்கணக்காக அமர்ந்து கைவீசியவர்கள் பெரும்பாலும் நம் நாட்டு இளம் உதவியாளர்களே. 1846இல் கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனையே ஏற்பட்டது.

ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலியறியாமல் ரண சிகிச்சை செய்ய முடியும் என்பதை ஊரறியக் காட்டிவிட்டார். 1847இல் ஈதர் கல்கத்தாவுக்கும் வந்தது. அவ்வாண்டு இறுதியில் எடின்பரோவில் சிம்சன் குளோரபாரத்தின் மயக்கும் ஆற்றலைக் கண்டார். மணிக்கணக்கில் கைவீசியும் சிலருக்கே பலித்த வேலையைச் சில நிமிடங்களில் ஓர் ஆவி செய்து முடித்தது. மெஸ்மரிசம் மறைந்தது நியாயமே. எனினும் அதனுடன் ஒன்று நழுவியது என்று நமக்குத் தோன்றுகிறது. நோயாளியின் பக்கத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்த மனிதர் எழுந்து போய்விட்டார். ஈதரோ காற்றில் கலைந்துவிடுவது. வலி மட்டும் இரவெல்லாம் அங்கேயே இருந்தது.

அந்த இரவுக்கான மருந்தும் இல்லாமற் போகவில்லை. அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுக்கும் வித்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கைவந்தது. 1853இல் எடின்பரோவின் அலெக்சாண்டர் உட் அதனை ஊசியால் தோலின்கீழ்ச் செலுத்தினார். அபினியோ நம் மண்ணில் விளைந்தது. உத்தரப் பிரதேசத்துக் காஜிப்பூரில் 1820இல் தோன்றிய அபினித் தொழிற்சாலை நெடுங்காலம் வாணிகத்துக்கு உழைத்தது. அப்படியிருந்தும், போதைப்பொருளைத் தடுக்க 1985இல் சட்டம் வந்தபோது, ஒரு குப்பி மார்பினுக்கே பல உரிமங்கள் வேண்டியதாயிற்று. மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டன. விளைவித்த நாட்டிலேயே நோயாளிக்கு மருந்து அருமையாயிற்று. 2014இல் திருத்தம் செய்து, நாடெங்கும் ஒரே விதியாக்கி வழி எளிதாக்கினார்கள்.

மருந்து கையில் இருந்த இடங்களிலும், அதைக் கொடுக்கும் முறை நோயாளியைக் காக்கவைத்தது. வலி முற்றி, அவர் கூப்பிட்டு, தாதி வந்து, சாவி தேடி ஊசி போடுவதற்குள் வேதனை உச்சியேறிவிடும். 1971இல் அமெரிக்க மருத்துவர் செக்சர் ஒரு பொறியை விவரித்தார். நோயாளி பொத்தானை அழுத்தினால் சிறு அளவு மருந்து நரம்பிலேறும். அளவுக்கு மேல் அழுத்த முடியாதபடி பூட்டுகள் அதில் பின்னர் அமைந்தன. உறங்கிவிட்டவர் அழுத்தமாட்டார், அதுவே அதன் முதற்காவல். ஆதலின் பாசத்தால் நாம் அவருக்காகப் பொத்தானை அழுத்துவது பெரும்பிழை. மார்பின் மிகுந்தால் மூச்சு மெலிந்துவிடும்.

“பல்லைக் கடித்துக்கொள், இரண்டு நாள்தானே” என்று தேற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. பொறுத்துக்கொள்வதில் புகழ் இருக்கலாம்; நுரையீரலுக்கு அது தெரியாது. வயிறு அறுக்கப்பட்டவர் வலிக்கஞ்சி இருமாதிருந்தால் சளி தங்கிக் காய்ச்சல் காணும். எழுந்து நடவாதிருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும். வலி தணிந்தால்தான் இருமலும் நடையும் எளிதாகும்.

இனி, வலியை அளப்பதெப்படி? வெப்பமானி போல் கருவி ஏதும் இல்லை. பூச்சியம் முதல் பத்து வரை எண் சொல்லச் சொல்வார்கள். கனடாவின் மான்ட்ரீல் நகரில் ரொனால்டு மெல்சாக் என்னும் அறிஞர் எண்ணோடு நிற்காமல் சொற்களையே திரட்டினார். 1975இல் அவர் வெளியிட்ட வினாத்தாளில் வலியைக் கூறும் 78 சொற்கள் இருந்தன. குத்துவது வேறு, எரிவது வேறு. சொல்லை வைத்தே மருத்துவர் காரணத்தை ஊகிக்க இயலும் என்பது அவர் கண்டது.

வடபுலத்து நகரங்களில் வாழும் நேயர்களுக்கு இது நன்கு விளங்கும். ஊரிலிருந்து வந்து சிகிச்சை பெற்ற தாயார், “குடைகிறது, கடுக்கிறது, தெறிக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது” என்று இரவெல்லாம் நுட்பமாகச் சொல்கிறார். காலையில் மருத்துவர் வந்து கேட்டதும் மகன் எல்லாவற்றையும் “தர்த்” என்ற ஒரே இந்திச் சொல்லில் அடக்கிவிடுகிறார். எரிச்சலுக்கு “ஜலன்”, குத்தலுக்கு “சுபன்”, முறுக்கி இழுப்பதற்கு “மரோட்” என அம்மொழியிலும் சொற்கள் இருக்கின்றன. எப்போது கூடியது, எந்தப் பக்கம், இருமும்போதா, படுத்திருக்கும்போதா, நேற்றில்லாத புது வலியா, கெண்டைக்காலில் வீக்கமா என்று ஒரு தாளில் இரவே குறித்து வைத்தால், விடிந்ததும் அந்தத் தாளையே மருத்துவரிடம் கொடுக்கலாம். தாயார் அப்போது அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தால், எழுப்பவேண்டியதில்லை.