குற்றொலி இரைச்சல்

20 ஹெர்ட்சுக்குக் கீழான ஒலியைக் குற்றொலி என்பர். பெரிய விசிறிகள், கொதிகலன்கள், டீசல் எந்திரங்கள் இதை எழுப்புகின்றன. காதில் விழுவதற்கு முன்பே ஜன்னல் கண்ணாடியின் நடுக்கமாகத் தெரியவரலாம்.

அளப்பதில்தான் பெரும் சிக்கல். வழக்கமான ஒலிமானி அதிர்வெண்ணுக்கு ஏற்ப அளவைத் திருத்தும் 'ஏ' எடையிடல் 10 ஹெர்ட்சில் ஏறத்தாழ 70 டெசிபலைக் கழித்துவிடும். 90 டெசிபல் ஒலி வெறும் 20 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி இரைச்சல் பற்றிய புகாரைத் தள்ளுவது அநியாயம். ஐ.எஸ்.ஓ. 7196 வகுத்த 'ஜி' எடையிடலும், அதிர்வெண் வாரியான பகுப்பாய்வுமே இங்கு உதவும். அறைக்குள் நிலை அலைகளால் இடத்துக்கு இடம் அளவு மாறும். வெளியே காற்று மோதியும் பொய்யளவு வரும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியைச் சேர்ந்த பொறியாளர் விக் டேண்டி 1998இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை புகழ்பெற்றது. பேய் நடமாட்டம் என்று பேசப்பட்ட ஆய்வகத்தில், பட்டறைப் பிடியில் அவர் இறுக்கி வைத்த வாள்வீச்சு விளையாட்டு வாளின் அலகு தானாகத் துடித்தது. காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று ஏறத்தாழ 19 ஹெர்ட்சில் நிலை அலையை எழுப்பியிருந்தது. விசிறி பொருத்தப்பட்ட விதத்தை மாற்றியதும் அலை மறைந்தது.

10 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 மீட்டர். நுரைப்பலகையும் தடித்த திரையும் அதன்முன் வீண்செலவு. சுழலும் பாகங்களைச் சமநிலைப்படுத்துவது, வேகத்தை மாற்றுவது, அதிர்வுதாங்கி பொருத்துவது, குழாய்வழியில் ஒத்ததிர்வு அறை அமைப்பது என மூலத்திலேயே தணிப்பதுதான் பயன்தரும்.