மூன்று நாள் கணக்கு

காரைக்குடிக்குக் கல்லூரி வந்த கதையை எங்கள் பக்கத்தில் கேட்காதவர்கள் கிடையாது. 1947-ஆம் வருஷம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. சர்வகலாசாலைத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று மேடையில் கேட்டார். கூட்டத்திலிருந்த அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் தாம் ஒன்று தொடங்குவதாகச் சொல்லிவிட்டார். அந்த வருஷமே கல்லூரி நடக்கத் தொடங்கியது.

இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். முதலியாரவர்கள் மகப்பேறு மருத்துவத்தில் பெயர் பெற்ற டாக்டர். அத்துறைக்குப் பாடப்புத்தகம் எழுதியவர். பெண்ணின் உடம்பை அறிந்த ஒருவர் கேட்டு வாங்கிய கல்லூரி அது. ஆனால் பெண் படிப்பைப் பற்றி நாம் பேசிய பேச்சிலெல்லாம் கடைசியாக வந்து சேர்ந்தது அந்த உடம்புதான்.

எங்கள் அப்பத்தா வீட்டில் அது பேச்சாகவே வராது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் வீட்டில், 'தூரம்' ஆனவளுக்குப் பின்கட்டில் ஒரு மூலை. தனித் தட்டு, தனிப் பாய். அந்தக் கொடுமையைப் பற்றி நான் ஒரு நாள் ஆவேசமாகப் பேசியபோது அப்பத்தா சிரித்துவிட்டார்கள். "அந்த மூணு நாள்தான் ஆத்தா நான் உக்காந்து சாப்பிட்டேன்!" எனக்குப் பதில் தோன்றவில்லை.

எங்களுக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டிலேயே தந்தையாரிடம் பாடம் கேட்டு மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பிரின்சிபால் தயங்கினார். மகாராஜா உத்தரவு போட்டுச் சேர்த்தார். பையன்கள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார் அந்தப் பெண். திரையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு முன்னாலேயே, பூப்பெய்திய அன்று விழுந்த திரையை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. 1912-இல் அவர் டாக்டரானார்.

அதே 1912-இல், கொச்சி ராஜ்யத்துத் திருப்பூணித்துறைப் பெண்கள் பள்ளியில் ஓர் அதிசயம் நடந்தது. ஆண்டுப் பரீட்சை சமயத்தில் மாதவிலக்கு வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு, பிற்பாடு பரீட்சை எழுதலாம் என்று அனுமதி கிடைத்தது. கேட்டு வாங்கியவர் தலைமையாசிரியர். ஓர் ஆண் பிள்ளை!

நான் படித்த கல்லூரியில் அப்படி யாரும் இல்லை. பெயர் வேண்டாம். விளையாட்டு விழா அணிவகுப்புக்கு வெள்ளை உடை. அன்று காலை பார்த்து எனக்கு வந்துவிட்டது. 'வயிற்று வலி' என்றேன். "விழா என்றால் எல்லாருக்கும் வயிற்று வலிதான்" என்றார் பொறுப்பாளர். பூப்பந்துக் குழுவிலிருந்தும் என் பெயர் போயிற்று. இரண்டு வருஷத்தோடு என் படிப்பு நின்றதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் அந்த வெள்ளை உடையை நான் மறக்கவில்லை.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவான நாப்கின் செய்யப் புறப்பட்டு, மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். படிவங்களை வாங்கப் போனவர், இரண்டு மூன்று பெண்களே உட்கார்ந்து எல்லோருடைய படிவங்களையும் நிரப்புவதைப் பார்த்தாராம். டாக்டராகப் போகிறவர்களுக்கே இந்த வெட்கம்! நான் சிரிக்கவில்லை; 'வயிற்று வலி' என்று எழுதிய கைதானே என்னுடையதும்.

2012-இல் தமிழ்நாடு அரசு கிராமத்துப் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. பெரிய காரியம். ஆனால் திட்டத்தின் வயது 10 முதல் 19 வரை. பட்டப்படிப்பின் நடுவில் வரம்பு முடிந்துவிடுகிறது.

2023 ஜனவரியில் கொச்சி விஞ்ஞான தொழில்நுட்பச் சர்வகலாசாலை, மாணவிகளுக்கு வருகைப் பதிவில் 2 சதவிகிதம் தளர்த்தியது. 75 வேண்டிய இடத்தில் 73 போதும். காரைக்குடியில் படிக்கும் என் தங்கை மகளிடம் இதைச் சொல்லி, காகிதமும் பென்சிலும் எடுத்தேன். நம் ஊர் வழக்கப்படி ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 2 சதவிகிதம் இரண்டு நாளுக்கும் சற்றுக் குறைவு. பருவத்துக்குள் வருவதோ நாலைந்து தடவை.

"எந்த மூலைக்கு?" என்றேன்.

"கணக்கில் ஏறிவிட்டதே, பெரியம்மா" என்று அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.